தொட்டி ஸ்டாண்டில் ஏறாதீர்கள்

ஐஸ்வர்யா அப்பாவுக்கு,

நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் சாப்பிடாமல்கூட இந்த பெயின்ட் டப்பாவைத்தான் எடுப்பீர்கள். அதனால் சீட்டை இதன்மேல் ஒட்டியிருக்கிறேன்.

"பழைய பெயின்ட்ட முழுசா சுரண்ட வேணாம். உதிர்றத மட்டும் கம்பி பிரஷ்ல தேச்சி, கழுவிக் காயவெச்சி, துருவுக்கான பிரைமர் அடிச்சாப் போதும்" என்று நேற்று சொன்னீர்கள். சோம்பேறி வேலை என்று கத்தினேன். என் தப்புதான். விடிந்ததும் நானே தேய்த்துப் பார்த்தேன். ஸ்டாண்டின் மூன்று கால்களில் மேல் துருதான், உள்ளே இரும்பு கெட்டியாக இருக்கிறது.

ஆனால் பாத்ரூம் பக்கத்துக் காலில் பெயின்ட் உப்பியிருந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன், அப்படியே உள்ளே போய்விட்டது. போன வாரம் அந்தக் காலில் ஏணியைச் சாய்த்துத்தானே நின்றீர்கள்?

தொட்டித் தண்ணீரைத் தோட்டத்துக்குத் திறந்துவிட்டேன். மோட்டார் போடாதீர்கள். தொட்டி சாய்ந்தால் பாத்ரூம் மேல்தான் விழும், அதைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். வெல்டிங் வீரமணி அண்ணன் பத்து மணிக்கு வருவார். அவர் அந்தக் காலை மாற்றிய பிறகு, மற்றதற்கு நீங்கள் சொன்னபடியே அடியுங்கள்.

களியும் கீரைக் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். ஐஸ்வர்யா பள்ளிக்கூடம் போய்விட்டாள். அவளிடம் பயத்தைக் காட்டிக்கொள்ளவில்லை.

அமுதவல்லி

ஒன்பது மணிக்குப் பாலக்கோடு மண்டியிலிருந்து போன் செய்வேன். தூங்கினாலும் எழுந்து எடுங்கள். எடுக்காவிட்டால் தக்காளியை அங்கேயே போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவேன்.