இன்னாசிராஜின் ஆன்ம இளைப்பாற்றிக்காக

காட்டூர், திருச்சி
7.11.1983

மதிப்பிற்குரிய சத்யபாமா அவர்களுக்கு,

நான் நலம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

நேற்று ஞாயிற்றுக்கிழமைப் பூசை. இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் நவம்பர் மாதமாயிற்றே, எங்கள் பங்குசாமி இறந்தவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தார். "ராக்ஃபோர்ட் ஃபைவ் இசைக்குழுவில் கிட்டார் வாசித்து, இளம் வயதில் விபத்தில் இறந்த காட்டூர் இன்னாசிராஜின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, ஸ்ரீரங்கம் சத்யபாமா ஒப்புக்கொடுக்கும் பூசை" என்றார். சாமியார் புதியவர், ஜூனில்தான் மாற்றலாகி வந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி லூர்துராணி திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. வேறென்ன செய்வது, எல்லோரோடும் சேர்ந்து முழங்காலில் நின்று நானும் எனக்காக வேண்டிக்கொண்டேன்.

உங்கள் விலாசத்தைச் சாமியாரிடம் வாங்கினேன். 1974இல் அந்தக் குழுவில் சில மாதங்கள் கிட்டார் வாசித்தவன் நான்தான். விபத்தில் சாகவில்லை. பொன்மலை ரயில்வே ஆபீஸில் கிளார்க்காக இருக்கிறேன். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்பவர்களும் உண்டு.

நீங்கள் யார்? நான் செத்ததை உங்களுக்கு யார் சொன்னது?

இப்படிக்கு,
மூச்சுள்ள இன்னாசிராஜ்

•

வடக்குச் சித்திரை வீதி, ஸ்ரீரங்கம்
10.11.1983

அன்புள்ள இன்னாசிராஜ் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பெருமாள் சன்னதிக்குப் போய் நின்றேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் தீர்த்தம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சொன்னவர் உங்கள் குழுத் தலைவர் சேஷுவேதான். மெட்ராஸுக்குப் போய் அவர் பெரிய மனிதராகிவிட்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எந்த ஊர்க் கச்சேரியானாலும் "மழை நின்ற தெரு" பாட்டுக்கு முன்னால் விளக்கைக் குறைக்கச் சொல்கிறார். "இந்தப் பாட்டுக்குக் கிட்டார் வாசிச்ச என் நண்பன் காட்டூர் இன்னாசி, ரெக்கார்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே தஞ்சாவூர் ரோட்டுல லாரி மோதிப் போயிட்டான்" என்று தழுதழுத்த குரலில் சொல்கிறார். எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்கிறார். நானும் நின்றிருக்கிறேன், அழுதிருக்கிறேன். நீங்கள் பரமபதித்துவிட்டதாகவே இத்தனை வருஷமும் நம்பியிருந்தேன். அதனால்தான் உங்கள் ஊர்க் கோயிலிலேயே பூசைக்குக் கொடுத்தேன்.

நான் யார் என்று கேட்டீர்கள். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை, கொஞ்சம் வீணை, கல்யாணம் இல்லை. சேஷுவையும் அவரோடு நிலைத்துவிட்ட நால்வரையும் ஊரே கொண்டாடுகிறது. எனக்குப் பிடித்தவர்கள் வந்த வேகத்தில் போனவர்கள். கொஞ்ச காலம் டிரம்ஸ் அடித்துவிட்டுக் காணாமல் போன பரக்கத் அலி, ஒரே ஒரு பாட்டுக்கு ஆர்கன் வாசித்த தைரியராஜ், அப்புறம் நீங்கள். ரசிகர் மன்ற மலரில் மூவரைப் பற்றியும் "ஐவரில் சேராதவர்கள்" என்று ஒரு கட்டுரை எழுதினேன். பாதிக்கு மேல் உங்களைப் பற்றித்தான். இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்களே அதைப் படிப்பீர்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இனிமேலாவது லாரி வரும் பக்கம் போகாதீர்கள்.

தங்கள்,
சத்யபாமா

•

காட்டூர்
19.11.1983

அன்புள்ள சத்யபாமா அவர்களுக்கு,

உங்கள் கணக்கில் நான் பரமபதத்தில், எங்கள் சாமியார் கணக்கில் மோட்சத்துக்கு முன் பாவம் தீர உத்தரிக்கிற ஸ்தலத்தில். இருந்ததென்னவோ காட்டூரில், ரேஷன் சர்க்கரைக்கு வரிசையில்.

கட்டுரையைப் படித்தேன். கூச்சமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. உயிரோடிருக்கும் யாரும் என்னைப் பற்றி இப்படிப் பேசியதில்லை. பரக்கத் அலி மலைக்கோட்டையில் ஜவுளிக்கடையில் இருக்கிறார். அவரும் சாகவில்லை. அவரைக் கொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஒன்று சொல்ல வேண்டும். என் மகள் அமலராணி நாலாம் வகுப்புப் படிக்கிறாள். "எங்கப்பா ராக்ஃபோர்ட் ஃபைவ்ல வாசிச்சவரு" என்று ஸ்கூலில் சொல்லியிருக்கிறாள். டீச்சர் கச்சேரி பார்த்தவர். "அவரு செத்துப் பல வருஷமாச்சு, பொய்யா சொல்ற?" என்று பெஞ்சு மேல் ஏற்றிவிட்டார். அன்றிலிருந்து நான் கிட்டாரைக் கையில் எடுத்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறாள். பேச்சும் குறைந்துவிட்டது. அப்பன் பொய்யனா இல்லையா என்று ஒரு பிள்ளை யோசித்துக்கொண்டே சோறு தின்பதைப் பார்க்க முடியவில்லை.

பொங்கலுக்கு அவர்கள் கச்சேரி திருச்சியில் என்று கேள்விப்பட்டேன். சேஷு என்னை மேடைக்குக் கூப்பிட்டு "இவன்தான் இன்னாசி" என்று ஒரு தடவை சொன்னால் போதும். வாசிக்கக்கூட வேண்டாம். அமலராணி கீழே உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும். நான் எழுதினால் சேஷு பதில் போடுவதில்லை. நீங்கள் எழுதினால் போடுவார்.

அன்புடன்,
இன்னாசிராஜ்

•

ஸ்ரீரங்கம்
28.11.1983

அன்புள்ள இன்னாசிராஜ் அவர்களுக்கு,

குழந்தையை நினைத்தால் மனசு ஆறவில்லை. சேஷுவுக்கு இன்றே எழுதிவிட்டேன். நீங்கள் மேடை ஏறுவது என் பொறுப்பு. அமலராணியை முன் வரிசையில் என் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வேன்.

வரும் ஞாயிறு உங்கள் வீட்டுக்கு வரலாமா? ஒரு சுயநலம்தான். "மழை நின்ற தெரு"வில் இரண்டாம் சரணத்துக்கு முன்னால், ஒரு சுரம் தாள முடியாமல் சரிந்து, தன்னைத்தானே பிடித்துக்கொண்டு எழுந்து நிற்குமே, அதை நீங்கள் வாசித்து நான் எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும். அந்த கமகத்தை வீணையில் எத்தனையோ நாள் தேடியிருக்கிறேன், அகப்படவில்லை. எனக்குப் பார்த்த வரன்களெல்லாம் வரிசையாகத் தட்டிப்போன வருஷம், அப்பா பூஜையறையில் திருவாராதனத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து, ரெக்கார்டு பிளேயரின் சத்தத்தைக் குறைத்துவைத்து அந்த இடத்தை மட்டும் கேட்பேன். விழுந்தவர் எழுந்துவிடலாம் என்று ஒருவர் எனக்காகவே வாசித்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். அது இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேனோ தெரியாது.

தங்கள்,
சத்யபாமா

•

காட்டூர்
6.12.1983

அன்புள்ள சத்யபாமா அவர்களுக்கு,

நீங்கள் வந்துபோனது வீட்டுக்கே திருநாள் மாதிரி இருந்தது. சாப்பிடச் சொன்னோம், வாழைப்பழம் மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். லூர்துராணிக்கு வருத்தம். "தொட்டியம் பழம்னா யாரு விடுவாங்க" என்று நான் சமாதானம் சொன்னேன்.

அந்தச் சுரத்தை வாசிக்கச் சொன்னீர்கள். முயன்று பார்த்தேன், வரவில்லை. உங்கள் முகம் சுருங்கியது. விரல் பழக்கம் விட்டுப்போச்சு என்று மழுப்பினேன். உங்களிடம் எதையும் மறைக்கக் கூடாது, அதனால் எழுதுகிறேன். அதை நான் வாசிக்கவே இல்லை. ஸ்டுடியோவின் ஏ.சி. குளிரில் கிட்டாரின் கீ, உங்கள் வீணையில் பிருடை என்பீர்களே, அது தளர்ந்து தந்தி தொய்ந்துவிட்டது. பதறிப்போய்த் திருகி இழுத்தேன். சரிந்ததும் எழுந்ததும் அதுதான்! மறுபடி எடுக்க ஸ்டுடியோ நேரம் முடிந்துபோயிருந்தது. வெளியே வந்ததும் சேஷு "பாட்டையே கெடுத்துட்டியேடா, இனிமே வராத" என்றான். அந்தத் தப்புக்காகத்தான் என்னை அனுப்பினான். இப்போது வாசிக்கும் பையன் ஊர் ஊராக என் தப்பைப் பிசகாமல் வாசிக்கிறானாமே, பாவம்.

நேற்று ஆபீஸில் உங்கள் கட்டுரையிலிருந்து அந்தச் சுரத்தைப் பற்றிய பக்கங்களை எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக்காட்டிவிட்டு, கடைசியில் விஷயத்தைச் சொன்னேன். "கீ லூசானதுக்கா இத்தன பக்கம்!" என்று பிச்சைமுத்து மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. நீங்களும் சிரிப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

சேஷு பதில் போட்டாரா?

அன்புடன்,
இன்னாசிராஜ்

•

ஸ்ரீரங்கம்
16.12.1983

திரு. இன்னாசிராஜ் அவர்களுக்கு,

சேஷு பதில் எழுதியிருக்கிறார். "இந்த மாதிரி இன்னாசிகள் அவ்வப்போது கிளம்பி வருகிறார்கள். இத்தனை வருஷத்தில் முகம் மாறியிருக்கும், எனக்கு அடையாளம் தெரியாது. அவரைப் பற்றி எழுதியவர் நீங்கள். நேரில் பார்த்துவிட்டு இவர்தான் என்று நீங்கள் சொன்னால் மேடைக்குக் கூப்பிடுகிறேன்" என்கிறார். குழுவின் பத்தாவது ஆண்டு மலரில் என் கட்டுரைதான் முதலில் வரப்போகிறதாம்.

உங்கள் ஆபீஸில் எத்தனை பேர் சிரித்தார்கள்?

சத்யபாமா

•

காட்டூர்
27.12.1983

அன்புள்ள சத்யபாமா அவர்களுக்கு,

கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து வரும் என்று பார்த்தேன், வரவில்லை. நான் எழுதியதில் மனசு புண்பட்டிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். சிரித்தது என்னை நினைத்துத்தான், உங்களை நினைத்து இல்லை. பிச்சைமுத்துவிடம் இனி அந்தப் பேச்சே கூடாது என்று சொல்லிவிட்டேன்.

கட்டுரையில் ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம். யார் கேட்டாலும் வேண்டுமென்றேதான் அப்படி வாசித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். வீணை கேட்டுக் கற்றுக்கொண்டது என்று வேண்டுமானாலும் சொல்கிறேன். நீங்கள் என்ன சொல்லச் சொல்கிறீர்களோ அதைச் சொல்கிறேன். சேஷுவுக்கு ஒரு வரி எழுதிப்போடுங்கள். மேடையில் அப்பாவைப் பார்க்கலாம் என்று அமலராணியிடம் சொல்லிவிட்டேன். பொங்கலுக்கு எடுத்த பாவாடையைக் கச்சேரிக்குத்தான் கட்டுவேன் என்று எடுத்துவைத்திருக்கிறாள்.

உங்கள் பதிலை எதிர்பார்த்து,
இன்னாசிராஜ்

•

ஸ்ரீரங்கம்
8.1.1984

திரு. இன்னாசிராஜ் அவர்களுக்கு,

சேஷுவுக்கு எழுதிவிட்டேன். "காட்டூரில் இருப்பவரைப் பார்த்தேன். நான் எழுதிய இன்னாசிராஜ் இவர் இல்லை." இதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை.

நான் எழுதிய இன்னாசிராஜுக்கு அந்தச் சுரம் தெரியும். என் துக்கமும் தெரியும். அவர் லாரியில் அடிபட்டுச் சாகவில்லை என்பது உண்மைதான். போன மாதம் உங்கள் கடிதத்தை நான் பிரித்தபோது செத்தார். நீங்கள் ஆபீஸில் நாலு பேரைக் கூட்டிவைத்துச் சிரித்துக் கொன்றீர்கள். அதற்கு மேல், நான் சொல்கிற பொய்யைச் சொல்வதாக எழுதினீர்கள் பாருங்கள், அன்றைக்குத்தான் உங்களைப் பார்த்து அருவருப்பாக இருந்தது. என்னிடம் மிச்சம் இருப்பது அந்தக் கட்டுரை ஒன்றுதான். அதை உங்களுக்காக நான் விட்டுக்கொடுக்க முடியாது.

உங்கள் மகளை நினைக்கவில்லையா என்று கேட்பீர்கள். நினைத்தேன். அதனால் இத்துடன் இரண்டு டிக்கெட் வைத்திருக்கிறேன். கடைசி வரிசை. மேடைப் பக்கம் வர முயல வேண்டாம். வாசலில் ஆட்களிடம் உங்கள் அங்க அடையாளம் சொல்லப்பட்டிருக்கிறது.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

சத்யபாமா

•

காட்டூர்
18.1.1984

சத்யபாமா அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது ஒன்றுதான்.

டிக்கெட்டைக் கிழித்துப் போட்டிருப்பேன். அமலராணி எடுத்துப் பார்த்துவிட்டாள். போனோம். எப்போது மேடைக்குப் போவீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கூப்பிடுவாங்கம்மா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். விளக்கைக் குறைத்தார்கள். சேஷு லாரிக் கதையைச் சொன்னான். நன்றாகவே சொன்னான். கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. நானும் நின்றேன். இங்கே இருக்கிறேன்டா என்று கத்துவதற்கு வாயைத் திறந்தவன் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அமலராணி புதுப் பாவாடையில், கண்ணை மூடிக் கைகட்டி நின்றுகொண்டிருந்தாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

முன் வரிசையில் நீங்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்ததையும் பார்த்தேன். அது நடிப்பு இல்லை. நிஜமாகவே அழுதீர்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. அமலராணி ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டாள். பால்பண்ணை தாண்டியதும், "அந்த மாமா பாவம் இல்லப்பா?" என்றாள்.

"ஆமாம்மா, பாவம்" என்றேன்.

"அது நீங்கதான்னு சும்மாதானே சொன்னீங்க?"

"சும்மாதாம்மா சொன்னேன்."

"இனிமே அப்படிச் சொல்லாதீங்கப்பா. செத்துப்போனவங்களப் பத்திப் பொய் சொல்லக்கூடாது."

சொல்ல மாட்டேன் என்றேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கினாள்.

இன்னாசிராஜ்