வெட்டிப் போட்ட பாதி

ஜூலை 7, திங்கள்

ஜெபாவுக்கு மேல் பல் வருகிறது. ஐந்து மணிக்கே சிணுங்கல். பாட்டிலோடு பால்கனிக்குப் போனால், ஏரிக்கரையில் ஒரு ஆள். கையில் கடப்பாரை, தோளில் சாக்கு. நம் காம்பவுண்டிலிருந்து முப்பதடி கூட இருக்காது. அந்நேரத்தில் அங்கே என்ன வேலை?

ஒரு போட்டோ எடுத்தேன். முகம் சரியாகத் தெரியவில்லை, பெரிதாக்கி வெட்டினேன். எட்டரைக்கு ஃபிளாட் குரூப்பில் போட்டேன்: "யார் இவர்? கொஞ்சம் கவனம்." பிராங்க் சிரித்தான். "உனக்கு பால்காரனைப் பார்த்தாலும் பயம்தான் ரெனி."

சிரிக்கட்டும். ஏழு மாதக் குழந்தையோடு பகல் முழுக்கத் தனியாக இருப்பது நான்.

ஜூலை 8

நசரத்பேட்டையில் நேற்றுக் காலை ஒரு வீட்டை உடைத்து நகையை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்காரர்கள் ஐந்தரைக்கு நடக்கப் போய் ஆறு மணிக்குத் திரும்புவதற்குள். கதவைக் கடப்பாரையால் நெம்பியிருக்கிறார்கள். செகரட்டரி ஜெயராமன் சார் போன் செய்தார்: "நல்ல வேளைம்மா நீ போட்டே. ஸ்டேஷனுக்கு அனுப்பிட்டேன்."

பிராங்கிடம் சொன்னேன். இப்போது சிரிக்கவில்லை.

ஜூலை 9

ஏட்டு ஒருவர் வந்தார். ஜெபா வீறிட்டுக்கொண்டிருந்தாள். "ஒண்ணுமில்ல மேடம், போட்டோ நீங்க எடுத்ததுன்னு ஒரு கையெழுத்து. மீதியை நாங்க எழுதிக்கிறோம்." தாளின் அடியில் போட்டேன். மேலே காலியாகத்தான் இருந்தது.

அவர் போன பிறகுதான் யோசிக்கிறேன். எது மீதி?

ஜூலை 10

பிடித்துவிட்டார்களாம். குரூப் முழுக்கக் கைதட்டல் பொம்மைகள்.

ஜூலை 12, சனி

பிராங்க் கடைக்குப் போயிருந்தபோது மணி அடித்தது. இரண்டு பெண்கள். சங்கிலியைப் போட்டபடியே கதவைத் திறந்தேன். ஒருத்தி வக்கீல் கோட்டைக் கையில் மடித்து வைத்திருந்தாள். பெயர் எழிலரசியாம். மற்றவள் ராஜம்மா, பிடிபட்ட ஏழுமலையின் மனைவி. இடுப்பில் குழந்தை.

"நீங்க எந்த அமைப்பு?" என்றேன்.

"இருளர் உரிமைச் சங்கம். நானும் இருளர்தான்."

என் முகம் மாறியிருக்க வேண்டும். அவள் சிரித்தாள். "கோட்டு போட்டா நம்ப மாட்றாங்க. வுடுங்க."

எலி பிடிக்கத்தான் கரையில் வளை தோண்டினார்களாம். சாக்கில் இருந்தது எலியாம். துப்புக் கிடைக்காத பழைய திருட்டு மூன்றையும் ஏழுமலை தலையில் கட்டிவிட்டார்களாம். எல்லாமே அவர்கள் சொல்வதுதான். நான் எதை நம்புவது? போனில் பதிவு செய்கிறாளோ என்று அவள் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கோர்ட்டில் வாங்கிய நகலைச் சங்கிலி இடுக்கு வழியே நீட்டினாள். என் வாக்குமூலம்! "காலை ஆறரை மணிக்கு மேற்படி நபர் பைக்கில் வந்து கனமான பையோடு இறங்கியதைக் கண்டேன்." பைக்கா? எந்த பைக்? கீழே என் கையெழுத்து. என்னுடையதேதான்.

"நான் இப்படிச் சொல்லவே இல்ல."

"போலீஸ்ல குடுக்கிற வாக்குமூலத்துல சாட்சி கையெழுத்தே போடக் கூடாது மேடம். இன்னா படிச்சிருக்கீங்க?"

"பி.காம்."

"எங்காளு வெத்துத்தாள்ல கைநாட்டு வெச்சா படிக்காதவன்னுவாங்க."

ராஜம்மாவின் குழந்தை சங்கிலியைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச் பூசையில் மனம் நிற்கவில்லை. வரும் வழியில் பிராங்க்: "அந்த போட்டோவ அழிச்சுடு ரெனி. அவங்க உன்ன வெச்சு பேர் வாங்கப் பார்க்கிறாங்க." அதே சந்தேகம் எனக்கும் இருந்தது. அவன் வாயிலிருந்து கேட்கும்போது ஏன் எரிகிறது?

மாலை எஸ்.ஐ. போன். ரொம்ப மரியாதை. "சங்கத்துக்காரங்க வந்தாங்களாமே? கைக்குழந்தை வெச்சிருக்கீங்க. எதுக்குங்க உங்களுக்கு இதெல்லாம்?"

அவர்கள் வந்தது இவருக்கு யார் சொன்னது? வாட்ச்மேனா? ஜெயராமனா? குழந்தை இருப்பதை எதற்குச் சொல்கிறார்?

ஜூலை 14

அழிக்கலாம் என்றுதான் போனை எடுத்தேன்.

வெட்டியது தனியாக இருக்கிறது. முழுப் படமும் இருக்கிறது. நேரம் 5.42. அதே நேரத்தில்தான் நசரத்பேட்டையில் கதவை உடைத்தது. ஏழுமலையின் காலடியில் பாதி தோண்டிய வளை. பக்கத்தில் குனிந்து, எலியை வெளியே விரட்டும் புகைப்பானையை ஊதிக்கொண்டிருக்கிறாள் ராஜம்மா. முதுகில் துணியால் கட்டிய குழந்தை.

அவள் இருந்தது எனக்குத் தெரியும். பார்த்தேனே! அவளும் குழந்தையும் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை என்பதுபோல இருந்தது. அதனால்தான் — இல்லை, முகம் தெரியத்தான் வெட்டினேன். இல்லை. எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை.

பிராங்கிடம் காட்டினேன். ராஜம்மா இருந்த பக்கத்தைப் பெரிதாக்கினான். "இந்தப் பாதிய ஏன் வெட்டினே?" என்று மட்டும் கேட்டான்.

எழிலரசிக்குப் போன் செய்தேன். அவளுக்கு என்மேல் சந்தேகம். "மாத்திப் பேச மாட்டீங்களே? பாதியில வுட்டுட்டுப் போனவங்க நிறையப் பேர்."

ஜூலை 17

பூந்தமல்லி கோர்ட். மாஜிஸ்திரேட் முன்னால் சொன்னேன். காலித் தாளில் கையெழுத்துப் போட்டதையும். போனை ஒப்படைத்தேன். பிராங்க் லீவு போட்டு ஜெபாவோடு வேப்பமரத்தடியில் நின்றான். எஸ்.ஐ. என்னைப் பார்க்கவே இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

வராந்தாவில் எழிலரசி முழுப் படத்தின் பிரிண்டை ராஜம்மாவிடம் கொடுத்தாள். ராஜம்மா அதில் தன் குழந்தையை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு முதல்முறையாக என்னிடம் பேசினாள்.

"இத்த இன்னாத்துக்குமா வெட்னே?"

"முகம்... முகம் தெரியணும்னு."

"என் மூஞ்சியும்தான் தெரிஞ்சுகினு கீது."

ஆகஸ்ட் 2

ஏழுமலைக்கு ஜாமீன். இடது பாதம் வீங்கி, வேறு யாருடைய காலோ போல இருந்தது. ஸ்டேஷனில் அடித்ததாகத் தனிப் புகார் போட்டிருக்கிறார்கள். இனி போலீஸ் இருளர் யாரையாவது கூட்டிப்போனால் வீட்டுக்கு எழுதித் தர வேண்டும், சங்கத்துக்கும் சொல்ல வேண்டும் என்று மேலதிகாரி உத்தரவாம். "தாள்ல கீது. ஜீப்பு படிக்குதான்னு பார்க்கணும்" என்கிறாள் எழிலரசி.

ஜெயராமன் சார் என்னைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார். மாடியில் ஏரியைப் பார்த்தபடி புது கேமரா. லிஃப்டில் பேச்சு நின்றுபோகிறது. "உங்க வீட்டுக்கு ஜீப் வந்தா எங்களக் கூப்பிடாதீங்க" என்றார் ஒரு அம்மா.

தெருவில் பைக் நின்றாலே எட்டிப் பார்க்கிறேன். ஸ்டேஷன் ஆளோ என்று.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஜெபாவுக்கு இரண்டு பல்லும் வந்துவிட்டன. ஐந்தே முக்காலுக்குப் பால்கனிக்குப் போனேன்.

கரையில் அவர்கள். ஏழுமலை உட்கார்ந்தபடி தோண்டுகிறான், இடது காலை நீட்டி. ராஜம்மா பானையை ஊதிவிட்டு நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். நான் கையைத் தூக்கினேன், சும்மா, வாங்க என்பதுபோல.

சட்டென்று முந்தானையை இழுத்து முதுகிலிருந்த குழந்தையின் முகத்தை மூடினாள். அவனிடம் ஏதோ சொன்னாள். இருவரும் கடப்பாரை, சாக்கு, பானை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கரையின் அந்தப் பக்கம் இறங்கிவிட்டார்கள்.

என் கையில் போன் இல்லை, பால் பாட்டில்தான் இருந்தது.