அதிரச மாவும் நாளைய டிக்கெட்டும்

மச்சான்,

அர்ஷியாவை ஸ்கூலில் விட்டுவிட்டு அப்படியே நாகூருக்கு, உம்மா வீட்டுக்குப் போகிறேன். சாயங்காலம் அஸர் தொழுகைக்கு மேல்தான் வருவேன். வாங்கி வந்த மீனை அலசி ஃபிரிட்ஜில் வையுங்கள். சோற்றுக்கு நேற்றைய ஆணம் இருக்கிறது, சுட வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போனை விட்டுவிட்டுக் கிளிஞ்சல்மேட்டுக்கு மீன் வாங்கப் போனபோது டிராவல்ஸ்காரர் கூப்பிட்டார். “பாய் கேட்டபடி ஞாயித்துக்கிழமை துபாய் டிக்கெட்ட நாளைக்கே மாத்தியாச்சு. சொல்லிடுங்க லாத்தா.”

சொல்லிவிட்டேன்.

“ரூம்ல எல்லாருக்கும் அதிரசம் வேணும்”னு கேட்டது நீங்கள்தான். ஞாயிற்றுக்கிழமையை நம்பித்தான் நேற்று அரிசி இடித்துப் பாகு காய்ச்சினேன். நான் மாவு கிளறும்போது பக்கத்தில் நின்று வெல்லம் தின்றீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

மாவு மூன்று நாள் ஊற வேண்டும். இன்றைக்கே சுட்டால் எண்ணெயில் பிரிந்துபோகும். தூக்குவாளியைத் திறக்காதீர்கள்.

நான் அழுவேன் என்றுதானே மறைத்தீர்கள்? அழவில்லை.

– ஜுலைகா

இன்னொன்று. பீரோவில் பாஸ்போர்ட்டைத் தேடாதீர்கள், என் கைப்பையில் இருக்கிறது. மாவு வெள்ளிக்கிழமைதான் பதமாகும். அதற்கு முன்னால் தர மாட்டேன்.