கருங்கோட்டு நந்தாவிளக்குகளை ஓரிரவு அவிக்க விடுத்த ஓலை

மங்கலம் பெருகுக. மழையும் விளைவும் மாறாத நிலவரை நாட்டைச் செங்கோல் தாங்கிக் காக்கும் உமையாள் நங்கை, கருங்கோட்டு மலைக்குத் தலைவரும், எம் அன்னைக்கு உடன்பிறந்தவரும், எம்மைத் தோளில் சுமந்து வளர்த்தவருமான கடம்பவேள் அம்மானுக்கு விடுக்கும் ஓலை. தங்கள் மலையும் சுனையும் மக்களும் ஆநிரையும் நலமுற்று விளங்குக. இங்கும் யாவரும் நலம் என்று எழுதுவதே முறை; முறைக்காக அம்மானிடம் பொய் எழுத எமக்கு மனம் வரவில்லை.

எம் அன்னை பெருந்தேவியாரின் கண்களில் படலம் முதிர்ந்துவிட்டது. கோடை வருமுன் ஒளி முற்றும் மறையும் என்று மருத்துவர் தலைகுனிந்து உரைத்தார். அன்னையார் அழவில்லை, எம் தமையன் இளஞ்சேயன் கண்ட வானத்துப் புகைத்துளியை ஒருமுறை தாமும் காணவேண்டும் என்று மட்டும் கேட்டார்.

மகத்து விண்மீன்களுக்குக் கீழே, வெறுங்கண்ணுக்குப் புலனாகாத அம்மங்கல் ஒளியைத் தமையன் தொலைநோக்குக் குழலால் முதன்முதல் கண்டது தங்கள் மலையுச்சியில்தான். போர் முடித்துத் திரும்பியதும் அன்னைக்குக் காட்டுவதாகச் சொல்லிச் சென்றவர், ஆற்றங்கரைப் போரில் மாண்டார். அவர் நின்று வானம் பார்த்த இடத்திலேயே தாங்கள் நடுகல் நாட்டி, உச்சி முழுதும் நந்தாவிளக்குகளை வரிசையாக ஏற்றினீர்கள். அன்பால் செய்தது, ஆயினும் அவ்வொளியில் அவர் கண்ட வானம் எவர் கண்ணுக்கும் அகப்படாமல் போயிற்று. கல்தூணில் பொருத்திய குழலைப் பெயர்க்கவும் இயலாது. இதையெல்லாம் அறிந்தும் சொல்ல அஞ்சிக் காலம் கடத்திய கணியர் திருநாகர்மேல் எமக்கு வந்த சினம் இன்னும் ஆறவில்லை.

ஆகவே வரும் தை அமாவாசை இரவில் அவ்விளக்குகள் யாவும் அவிக்கப்படுக. விளக்கு அணைந்தால் மாண்டவர் வழி தவறுவார் என்று மலைமக்கள் கலங்குவர். தங்கள் நெஞ்சும் நடுங்கும் என்பதை அறிவோம். அவர் இருட்டை விரும்பித் தேடி மலையேறியவர் என்று அவர்களுக்கு எடுத்துரைக்க.

குழலின் உறையை மாலையிலேயே கழற்றிக் குளிரவிடுக. குழலின் கண்ணாடியில் பனி படிந்தால் பட்டுத்துணியால் ஒற்றியெடுக்க, தேய்க்கலாகாது. மகம் உச்சியேறுமுன் அன்னையாரின் சிவிகை தீவட்டியின்றி வரும். ஆதலின் பாதையறிந்தவரை முன்னே நடத்துக. இருளுக்குக் கண் பழகும்வரை அன்னையாரைப் போர்வையுடன் அமர்த்தி, மூடிய கைவிளக்கும் அருகே வாராமல் காக்க. அப்புகைத்துளி நேரே நோக்கின் மறையும், சற்றே ஓரமாக நோக்கின் தோன்றும் என்பதைத் திருநாகர் மெல்ல உரைப்பார்.

படலம் மூடிய கண்ணுக்கு அது புலப்படுவது அரிது என்றும் அவர் எம்மிடம் தனியே கூறினார். அன்றிரவு எம் உள்ளம் உடைந்தது. அன்னையாரும் இதை அறிவார் என்றே எண்ணுகிறோம், அறிந்தும் வருகிறார். அவர் விரும்புமளவு குழலருகே நிற்கட்டும். அவராகச் சொல்லும்வரை ஒரு விளக்கும் ஏற்றலாகாது.

அவர் குழலைவிட்டு விலகியபின், தெரிந்ததா என்று எவரும் கேட்கலாகாது. தாங்களும் கேட்கலாகாது, யாமும் கேளோம். கேட்டால், நம்மைத் தேற்றுவதற்காகத் தெரிந்தது என்று சொல்லிவிடுவார்.

எம் கைச்சாத்தும் மான் இலச்சினையும் பொறித்து விடுத்த இவ்வாணை, மலையில் எவராலும் மீறத்தகாதது.