காணாக்கடி

துகெர்ரெஸ்,
மார்ச் 9

அன்புள்ள செகுண்டோவுக்கு,

அவுரா எழுதுவது. நானும் மகள் லெய்தியும் இருக்கிறோம். நலம் என்று முழுசாக எழுத இன்னும் தைரியம் வரவில்லை. போனில் உடம்புப் பேச்சை எடுத்தாலே, "வேலைக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் லீவு முடிந்து, நீங்கள் இருக்கும் ஸ்பெயினுக்கே திரும்பும் எஃப்ரெயினிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உருளைக்கிழங்கு விதைத்தாயிற்று. மழைதான் சரியாகப் பிடிக்கவில்லை. லெய்தி கணக்கில் ஒருவழியாகத் தேறிவிட்டாள்.

உடம்பெல்லாம் தடித்து அரிக்கும் என் காணாக்கடிக்குக் காரணம் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. மூன்று வருஷமாக முட்டையை விட்டேன், பாலாடைக்கட்டியை விட்டேன், ஊரில் உள்ள இலையை எல்லாம் கொதிக்கவைத்துக் குளித்தேன். உங்கள் அக்கா அர்ஸெலியா கடைவாசலில், "புருஷன் தூரத்துல இருந்தா பொம்பளைக்கு இப்படித்தான் மேலெல்லாம் பூக்கும்" என்று சிரித்தாள். சண்டை போடத் தெம்பில்லை. சொறிந்துகொண்டே நின்றேன்.

புதிதாக வந்திருக்கும் டாக்டர் எராசோ அம்மாதான் என் கைத் தடிப்பைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பற்றிக் கேட்டார். ஒரு பைக்குள் ஊதச் சொன்னார். அந்த மூச்சைச் சோதித்ததில், இரைப்பையில் கிருமியாம். "இந்த மலையில பாதிப் பேருக்கு மேல இருக்கும்மா. சிலருக்கு அதனால தோலும் தடிக்குது, சிலருக்கு இல்ல. மாத்திரைய முடிச்சாத்தான் உனக்கு எதுன்னு தெரியும்" என்றார். பதினான்கு நாள் சாப்பிட்டேன். இரும்பைச் சப்பின மாதிரி வாயெல்லாம் கசந்தது. முடித்து ஆறு வாரமாகிறது. தினமும் வந்த தடிப்பு இப்போது வாரத்தில் ஒரு நாள்தான் வருகிறது.

தொட்டால் ஒட்டுமா என்றும் கேட்டேன். "தோல்லேருந்து ஒண்ணும் ஒட்டாது. வயித்துக் கிருமிதான் ஒரே வீட்டுல ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்குப் போகும்" என்றார். டிசம்பரில் வந்தபோது மூன்று வாரமும் நீங்கள் லெய்தியின் அறையில் படுத்தீர்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

ஆனால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தட்டைப் பாதியில் தள்ளினீர்கள். பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டிருந்தீர்கள். நெஞ்சைத் தடவிக்கொண்டு, "வெறும் வாயு" என்றீர்கள். உங்கள் அப்பாவும் அதையேதான் சொன்னார். இரைப்பைப் புற்று என்று தெரிந்தபோது அவருக்கு உங்கள் இப்போதைய வயசைவிட நான்குதான் கூட. இதைச் சொன்னதும் டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார். "இந்தக் கிருமி நாள்பட இருந்தா சிலருக்குப் புத்துநோயும் வரும். உன் வீட்டுக்காரர ஊதச் சொல்றதோட விட்டுடாத. தொண்டை வழியா குழாய் விட்டுப் பாக்கச் சொல்லு" என்றார்.

ஒரு நாள் லீவு போடுங்கள். மேஸ்திரி திட்டினால் திட்டட்டும். போய்ப் பார்த்துவிட்டு, என்ன சொன்னார்கள் என்பதை எதையும் மறைக்காமல் எழுதுங்கள். என் மேல் உங்களுக்கு என்ன மனத்தாங்கல் இருந்தாலும் இருக்கட்டும். எனக்கும் இருக்கிறது. அதையெல்லாம் பேசித் தீர்க்க நமக்கு இன்னும் நிறைய வருஷம் வேண்டும்.

லாஸ் லாஹாஸ் மாதா உங்களைக் கைவிடாமல் இருக்கட்டும்.

உங்கள் மனைவி,
அவுரா