உன் பெயரில் ஒரு கைது

பெரியவனுக்கு அம்மா எழுதுகிறேன்.

நன்றாக இருக்கிறேன் என்று போன வாரம் போனில் சொன்னாய். நம்பிவிட்டேன், அந்த இருமலைத் தவிர. வெந்நீர் குடி, தலையைத் துவட்டாமல் வெளியே ஓடாதே. இதற்கு மேல் சொன்னால் நீ சலித்துக்கொள்வாய் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பதறாமல் படி. போன மாதம் இந்த ஊரில் உன்னைக் கைது செய்தார்கள். அன்று சாயங்காலமே விட்டுவிட்டார்கள். நீ அங்கே கடல் தாண்டி வேலையில் இருந்திருப்பாய், பாவம், உனக்கு எப்படித் தெரியும்? போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று தெரியாமல் நீ குழம்புவாய். தவிர, இதோடு இரண்டு தாள்களும் வைத்து அனுப்ப வேண்டியிருக்கிறது.

முதலில் சின்னவளைப் பற்றி. காவல் நிலையத்தில் உன் தங்கைக்குக் காக்கி உடுப்புப் போடாத வேலை கிடைத்தது என்று எழுதியிருந்தேன் அல்லவா? என்ன வேலை என்று எனக்கே அப்போது சரியாகப் புரியவில்லை. இப்போது நன்றாகவே புரிந்துவிட்டது. நிலையத்துக்குப் பக்கவாட்டில் தனியாக ஒரு கதவு. போலீஸ்காரர்கள் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போய்விடலாம். ஒரு கண்ணாடித் தடுப்பு, அதற்குப் பின்னால் இவள். யாரைக் கைது செய்தார்கள், எதற்காக, எப்போது விட்டார்கள் என்று யார் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்ட வேண்டும். அதுதான் இவள் வேலை. அதில் இவள் அரிச்சந்திரனுக்கு அடுத்த வீடு. வீட்டில் ஒரு வார்த்தை வாயைத் திறக்கமாட்டாள். எல்லாருக்கும் திறந்திருக்கிற பதிவுதானே, எங்களுக்கு மட்டும் என்ன மூடுமந்திரம் என்று கேட்டால், எல்லாருக்கும் எங்கே திறந்திருக்கிறதோ அங்கே வந்து பாருங்கள் என்பாள்.

இனி உன் அப்பா. அன்றைக்குச் சட்டையெல்லாம் நனைந்து சாயங்காலம் வீடு வந்தார். கேட்டால் குழாய் வேலை என்றார். முப்பது வருஷமாக அவர் நனைந்து வருவதைப் பார்க்கிறவள் நான், மேற்கொண்டு கேட்கவில்லை. அடுத்த நாள் காலையில் எதிர்வீட்டு வானொலி வந்தாள். அவளைத்தான் உனக்குத் தெரியுமே, நீ வைத்த பெயர்தான், இன்னும் அலைவரிசை மாறவில்லை. உங்க வீட்டுக்காரரைச் சந்தையில போலீஸ் புடிச்சுட்டுப் போச்சாமே, கடைப் பூட்டை உடைச்சாராமே, நான் நம்பலக்கா, ஆனா எல்லாரும் சொல்றாங்க என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்ப்பதற்காகவே நின்றாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன்.

உன் அப்பாவிடம் கேட்டேன். மென்று விழுங்கினார். சும்மா விசாரிச்சாங்க, விட்டுட்டாங்க, நீ காப்பியக் குடு என்றார். சின்னவளிடம் கேட்டேன். அவள் முகம் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனாலும், யார் வேணும்னாலும் வந்து பாக்கலாம்மா, எதுக்குன்னு காரணம் சொல்ல வேண்டாம், பத்து மணிக்கு மேல வா என்றாள். பெற்ற தாய்க்குப் பத்து மணிக்கு மேல்! எனக்கு வந்த கோபத்தில் அவளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்காமலே அனுப்பிவிட்டேன். பிறகு மனசு கேட்காமல், போகும்போது நானே எடுத்துக்கொண்டு போனேன்.

எனக்கு முன்னால் சிலர் நின்றார்கள். வீட்டை வாடகைக்கு விடுவதற்கு முன் குடிவருகிறவரைப் பற்றிப் பார்க்க ஒருவர், தம்பியைக் காணோம் என்று ஒரு பெண். எல்லாரிடமும் ஒரே குரலில்தான் பேசினாள். என் முறை வந்தபோதும் அதே குரல். எந்தப் பெயர்ல பாக்கணும் என்றாள். உன் அப்பாவின் பெயரைச் சொன்னேன். என்னமோ அந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்கிற மாதிரி, தேடிப் பார்த்தாள். அந்தப் பெயர்ல பதிவு எதுவும் இல்லை என்றாள். அப்பாடா, வானொலி வழக்கம்போல் கரகரப்புத்தான் என்று திரும்பினேன். அவள் கண்ணாடியை விரலால் ஒரு தட்டு தட்டி, பக்கத்தில் மாட்டியிருந்த பலகையைக் காட்டினாள். பெயர் தெரியாவிட்டால் தேதியைச் சொல்லியும் கேட்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. என் பெண் எனக்குச் செய்த சலுகை அந்த ஒரு தட்டுதான். அதுவும் முந்தின ஆளுக்கும் தட்டினாள் என்பதைப் பிறகு நினைத்துப் பார்த்தேன்.

தேதியைச் சொன்னேன். பதிவேட்டைத் திருப்பி வைத்தாள். புகார் கொடுத்தவர் விவரத்தின் மேல் ஒரு அட்டையை வைத்து மறைத்தாள், அதை மட்டும் வெளியாருக்குக் காட்டக் கூடாதாம். மீதியைப் படித்தேன். உன் பெயர் இருந்தது, பெரியவனே. எழுத்துப் பிசகாமல் உன் பெயர். தகப்பன் பெயர் என்ற இடத்தில் உன் அப்பாவின் பெயர். நம் தெரு. வயது மட்டும் அறுபத்தொன்று. தொழில், குழாய் வேலை.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் எல்லாமே ஓடியது. மனுஷன் தன் பெயரை மறைத்து உன் பெயரைக் கொடுத்திருக்கிறார். தகப்பன் பெயர் என்ன என்று கேட்டதும், பொய்க்குப் பொய் பொருத்தமாக இருக்க வேண்டும் என்று தன் பெயரையே சொல்லியிருக்கிறார். வயதைக் கேட்டபோதோ நரைத்த தலையை வைத்துக்கொண்டு வேறு என்ன சொல்ல முடியும்? பொய் சொல்லத் தெரியாதவர் பொய் சொன்னால் இப்படித்தான் ஆகும். சின்னவளைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காரணம் என்ற இடத்தில் என்ன இருந்தது தெரியுமா? சந்தைப் பொதுக் குழாயின் பூட்டை உடைத்தல். அன்று மாலை எச்சரித்து அனுப்பப்பட்டார், வழக்கு இல்லை. அவ்வளவுதான். கடைப் பூட்டும் இல்லை, கல்லாவும் இல்லை. ஒரு நகல் கேட்டேன். கட்டணத்தைக் கட்டச் சொல்லி, முத்திரை குத்தி, கண்ணாடிக்குக் கீழே தள்ளினாள். நான் சாப்பாட்டுப் பொட்டலத்தை அதே வழியில் உள்ளே தள்ளினேன். அப்போதுதான் மெதுவாக, தேங்க்ஸ்மா என்றாள்.

வீட்டுக்கு வந்து அந்த நகலை உன் அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதற்குப் பிறகு எல்லாம் வந்தது. சந்தைக் குத்தகைக்காரர் மீன் கடைகளுக்குப் பின்னால் இருக்கிற பொதுக் குழாயை இரும்புப் பெட்டி போட்டுப் பூட்டியிருக்கிறார். தண்ணீர் வேண்டுமென்றால் அவர் கடையில் பாட்டில் வாங்க வேண்டுமாம். மீன் நறுக்குகிற பெண்களுக்குக் கை கழுவ வழி இல்லை. நகராட்சியில் சொல்லியும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இவர் வேறு ஏதோ வேலையாகப் போனவர், சிமென்ட் மூட்டை இறக்கிய ஒரு ஆள் கண்ணில் தூள் விழுந்து, திறக்க முடியாமல் குழாயைத் தடவிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறார். பையிலிருந்து ரெஞ்சை எடுத்தார், பூட்டைப் பிளந்தார், குழாயைத் திறந்துவிட்டு அந்த ஆளின் தலையைப் பிடித்துத் தண்ணீருக்குக் கீழே காட்டினார். சட்டை நனைந்தது அப்போதுதான்.

நல்ல காரியம் செய்துவிட்டு ஏன் பொய்ப் பெயர் என்று கேட்டேன். நம் பெண் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு என் பெயர் போகக் கூடாதென்று நினைத்தேன் என்றார். போலீஸ்காரர் கையைப் பிடித்துப் பெயர் என்ன என்று கேட்டதும் அது ஒன்றுதான் தோன்றியதாம். கோபமாக ஆரம்பித்தவள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

ஆனால் காரியம் கெட்டுத்தான் போயிருந்தது. நீ அங்கேயே நிரந்தரமாகத் தங்க மனுப் போட்டிருக்கிறாய். ஊர்க் காவல் நிலையத்தில் சான்று கேட்பார்கள் என்று நீதான் சொன்னாய். கேட்டால் உன் பெயரில் ஒரு கைது கிடக்கும். இங்கேயோ உன் அப்பா திருடினார் என்கிறார்கள், இல்லை என்று காட்டுகிற ஒரே பதிவு அவர் பெயரிலேயே இல்லை.

நான் பார்த்துவிட்டேன் என்பதால் அன்று சாயங்காலம் சின்னவள் வாயைத் திறந்தாள். பெயரைத் திருத்த, அதைக் கொடுத்தவரே நேரில் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும். பழையதை அழிக்கமாட்டார்கள். அதன்மேல் ஒரு கோடு, பக்கத்தில் சரியான பெயர், அதிகாரி கையெழுத்து. இரண்டையுமே எவரும் வந்து பார்க்கலாம். இதையெல்லாம் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பொய்ப் பெயர் கொடுத்தது தனிக் குற்றம்ப்பா, போனா மறுபடியும் உள்ள வெச்சாலும் வெச்சுடுவாங்க என்றாள். உன் அப்பா எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் குளித்து, உன் சித்தப்பா கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டுக்கொண்டு வந்து, வரியா என்றார். போனோம். பதிவு அறையில் எங்களுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று நினைக்கிறாய்? வானொலி! எவரும் பார்க்கலாம் என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறாள். உன் அப்பா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். ஓடி ஒளிவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடிக்கு முன்னால் போய், அறை முழுக்கக் கேட்கிற மாதிரி, குழாய்ப் பூட்டை உடைச்சது நான், குடுத்த பேரு என் மகன் பேரு, அதை மாத்தணும் என்றார். சின்னவள், எழுதிக் கொடுங்க ஐயா என்று தாளை நீட்டினாள். எல்லாரிடமும் பேசுகிற அதே குரல்.

அவரை மாடியில் இருக்கிற அதிகாரியிடம் அழைத்துப் போனார்கள். நான் பெஞ்சில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலைமை எழுத்தர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷர். உங்க பொண்ணுகிட்ட, இது உங்க வீட்டு விஷயம்தானே, காதும் காதும் வெச்ச மாதிரி வேற தாள்ல எழுதிடலாம்னு நான்தாம்மா சொன்னேன். அதுக்கு அவ, எங்க வீட்டுக்காக இன்னைக்கு மாத்தினா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கிறவங்க நாளைக்கு எதை நம்பி சார் வருவாங்கன்னு கேட்டுட்டா என்றார். பெரியவனே, அந்த இடத்தில் சத்தமாகச் சிரிக்கக் கூடாது, அழவும் கூடாது. இரண்டையும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் பெற்றவள் என்று அங்கிருந்த ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும் போல் இருந்தது. எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது.

வெகுநேரம் கழித்து உன் அப்பா படியிறங்கி வந்தார். கடுமையாகப் பேசினார்களாம், பிறகு தானாக வந்து சொன்னதால் எச்சரிக்கையோடு விட்டார்களாம். அதையும் பதிவில் எழுதியாயிற்று. உன் பெயர்மேல் கோடு விழுந்துவிட்டது. உனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று கையெழுத்தோடு இருக்கிறது. திருத்துவதற்கு முன்னும் பின்னுமாக இரண்டு நகல்களையும் இதோடு வைத்திருக்கிறேன், பத்திரம்.

இன்னொரு நகலை உன் அப்பா சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சந்தை முழுக்கக் காட்டிக்கொண்டிருக்கிறார். பார்த்தால் பட்டம் வாங்கியவர் மாதிரி இருக்கிறது. அவர் காட்டத் தேவையே இல்லை. வானொலி தன் கண்ணால் படித்துவிட்டுப் போய், அக்கா வீட்டுக்காரர் தண்ணிக்காகத்தான் உடைச்சார், நானே பதிவுல பாத்தேன் என்று தெருத்தெருவாக ஒலிபரப்பிவிட்டாள். அந்தக் குழாயை இதுவரை யாரும் மறுபடி பூட்டவில்லை. மீன் கடைப் பெண்கள் உன் அப்பாவைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார்கள். எனக்கும் கொஞ்சம் தலைகால் புரியவில்லைதான்.

ஒன்றை மட்டும் நான் அவரிடம் மறுபடி கேட்டேன். தன் பெயரை மறைக்க வேண்டுமென்றால் ஊரில் எத்தனையோ பெயர் இருக்கிறது, ஏன் பெரியவன் பெயர்? வாயில வந்துச்சு என்றார். நீ ரெஞ்சைப் பிடிக்கமாட்டேன் என்றதில் ஆரம்பித்தது உனக்கும் அவருக்குமான சண்டை. நீ கிளம்பிய நாளிலிருந்து உன் பெயரை இந்த வீட்டில் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. நீ கூப்பிட்டால் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறவர் அவர். அந்த மனுஷன் கையைப் போலீஸ்காரர் பிடித்ததும், பயத்தில் முதலில் வாயில் வந்தது உன் பெயர்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாய் அல்லவா? வழக்கம்போல் முதலில் என்னிடம் பேசு, இருமல் எப்படி இருக்கிறது என்று சொல். அப்புறம், அப்பாகிட்ட குடும்மா என்று ஒரு வார்த்தை சொல்லு, ராசா. உனக்குப் புண்ணியமாகப் போகும். மாடிக் கதவை அன்றைக்கு நான் பூட்டி வைக்கிறேன். பூட்டை உடைக்க அவருக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பூட்டை உடைக்கமாட்டார்.

நோய்நொடி இல்லாமல், நல்ல பெயரோடு நீ இருக்க வேண்டும்.

உன் அம்மா