கிணத்துக்குள்ள இறங்குன மோட்டார்

1983, சித்திரை 22, வியாழன்.

வெத்தலைக் கொடிக்காலுக்குத் தண்ணி பாஞ்சிருச்சு. இப்பத்தான் எனக்கு மூச்சே வருது.

நாலஞ்சு நாளா மோட்டார் சும்மா ஓடுது, தண்ணி ஏறல. கிணத்துத் தண்ணி அம்புட்டு ஆழத்துக்கு இறங்கிருச்சு. வெத்தலையெல்லாம் துவண்டு தொங்குது. மதுரை சிம்மக்கல்லுல பெரிய மோட்டாரா வாங்கிட்டு வாரேன்னு மகன் கிளம்பி நின்னான். அந்நேரம் மதுரையிலிருந்து மகளும் மருமகனும் வந்தாங்க. மருமகன் பாலிடெக்னிக்குல மோட்டார் பாடம் நடத்துறவரு. கல்யாணப் பந்தியில எங்க ரசத்தை வெந்நீர்னு சொன்னாரு. அன்னையிலிருந்து அவர்கிட்ட நான் நேரா பேசுறதில்ல.

கிணத்தை எட்டிப் பார்த்துட்டு என் மகன்கிட்ட சொன்னாரு: "மாப்ள, எம்புட்டுப் பெரிய மோட்டார் போட்டாலும் இம்புட்டு ஆழத்துலருந்து உறிஞ்சாது. ஆனா கீழ வச்சா மேல தள்ளிவிடும். இதையே கிணத்துக்குள்ள இறக்குங்க."

"மழை பெஞ்சா மோட்டார் முங்கிருமே, கேளுடி"ன்னு மககிட்டச் சொன்னேன்.

"தண்ணி ஏற ஏற மோட்டாரையும் தூக்கிக்கலாம். இறக்குற சங்கிலிக் கப்பி அங்கேயே தொங்கட்டும்னு உங்கம்மாகிட்டச் சொல்லு"ன்னாரு.

கப்பியில மோட்டாரை இறக்கி, உள்ள துருத்திக்கிட்டிருந்த பாறைமேல உக்கார வச்சு, குழாயை மாட்டி, சுவிச்சைப் போட்டாங்க. குழாய் ரெண்டு தடவ இருமுச்சு. அப்புறம் பீச்சி அடிச்சதுல மருமகன் தொப்பலா நனைஞ்சுட்டாரு.

"அத்தே, இனிமேயாவது எங்கூட நேரா பேசலாம்ல?"ன்னு சிரிக்கிறாரு.

"கிணத்துக் கணக்கு வேற, ரசத்துக் கணக்கு வேறன்னு சொல்லுடி"ன்னேன்.

இருட்டுறதுக்குள்ள கடைசி வரிசை வரைக்கும் பாஞ்சிருச்சு. கொடி அடியில விரலை விட்டுப் பார்த்தேன், ஈரம் நல்லா இறங்கியிருக்கு. துவண்ட எலை நிமிர விடியணும். இன்னைக்குத் தூங்கலாம்.